திரும்பத் தெரிந்தவரே ஓட்டத் தெரிந்தவர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில் யூட்டா என்றொரு மாநிலம் உண்டு. அம்மாநிலத்தின் தென்கிழக்கே, கொலராடோ ஆற்றங்கரையில், செம்பாறைக் குன்றுகள் சூழ அமைந்திருக்கிறது ஒரு சிற்றூர். அதன் பெயர் மோவாப். விவிலியம் வாசிப்போர்க்கு இப்பெயர் புதிதன்று. ரூத்து பிறந்த நாடும், மோசே தம் இறுதி நாளைக் கண்ட நாடும் மோவாபு நாடே அன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறியவர்கள் தங்கள் புதிய ஊருக்கு அப்பழைய பெயரையே சூட்டிக்கொண்டனர்.

இன்று அவ்வூருக்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களுள் ஒரு சாரார் தார்ச் சாலையை விட்டிறங்கி, கல்லும் மணலும் பாறைப் படிகளும் நிறைந்த காட்டு வழிகளில் வண்டி ஓட்டுவதற்கென்றே வருவோர். இதற்கெனப் பெருஞ்செலவில் மாற்றியமைத்த முரட்டு வண்டிகளைக் கொண்டு வருவாரும் உளர். ஆயினும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள பிக்கப் வண்டியில், அதாவது பின்புறம் திறந்த தொட்டியுடைய சிறு சரக்கு வண்டியில், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு வரும் எளிய குடும்பத்தாரும் பலர். வார நாட்களில் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் அதே வண்டிதான் விடுமுறையில் பாலைநிலத்திற்கும் வருகிறது.

அத்தகைய வண்டியில் அத்தகைய வழியில் செல்லலாமா? செல்லலாம். ஆனால் எப்படிச் செல்வது, எதை எடுத்துச் செல்வது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பனவற்றை அறிந்து செல்லுதல் வேண்டும். வண்டி ஓட்டும் தந்தையரும் மைந்தரும் நம் வீடுகளிலும் உண்டாதலால், இச்செய்தி அயல்நாட்டு வேடிக்கை மட்டும் அன்று என்பதை வாசகர் போகப்போக உணர்வர்.

யுரேனியம் தேடிய வழி

மோவாப் ஊருக்கு அருகே கேனியன்லாண்ட்ஸ் என்னும் தேசியப் பூங்கா இருக்கிறது. கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் கூடும் இடத்தைச் சுற்றி, ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் செங்குத்தான பாறைச் சுவர்களுமாக அது பரந்து கிடக்கிறது. அங்கே பீடபூமியின் உச்சிக்கும் ஆற்றுமட்டத்திற்கும் இடையே, வெண்மணற்பாறை ஒன்று விளிம்பு கட்டினாற்போல் நெடுந்தொலைவு செல்கிறது. அவ்விளிம்பின்மீது வளைந்து செல்லும் வண்டித்தடமே ஒயிட் ரிம் வழி. சுற்றி வந்தால் ஏறத்தாழ 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர்.

இவ்வழி உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனியத்தை அமெரிக்க அரசு தன் நாட்டிலேயே தேடத் தொடங்கியது. 1952-ஆம் ஆண்டு சார்லி ஸ்டீன் என்பவர் மோவாபுக்குத் தென்கிழக்கே வளமிக்க யுரேனியப் படிவத்தைக் கண்டதும், சிற்றூராயிருந்த மோவாப் ஓராண்டு ஈராண்டில் சுரங்கப் பட்டணமாயிற்று. அணுசக்தி ஆணையத்தின் ஊக்கத்தால் பாறை விளிம்புகளிலெல்லாம் தடங்கள் வெட்டப்பட்டன. முன்பு ஆடுமாடு ஓட்டிய ஒற்றையடிப் பாதைகள் லாரி செல்லும் வழிகளாயின. எனினும் ஒயிட் ரிம் பகுதியில் எதிர்பார்த்த அளவு யுரேனியம் கிட்டவில்லை. தேடியவர்கள் போய்விட்டனர், தடம் மட்டும் எஞ்சியது.

அப்பீடபூமி நாடெங்கும் யுரேனியச் சுரங்கங்களில் உழைத்தோர் பலர், அவர்களுள் நவஹோ பழங்குடியினர் மிகப் பலர், பிற்காலத்தில் நுரையீரல் நோயாலும் புற்றுநோயாலும் மாண்டனர். அவர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் இழப்பீடு வழங்க அமெரிக்கப் பேரவை 1990-ஆம் ஆண்டு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்று அங்கு இன்பமாய் வண்டியோட்டுவோர் இவ்வழிகளின் பின்னுள்ள இவ்வரலாற்றையும் நினைவில் கொள்ளுதல் தகும்.

1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக ஆக்கினார். அது முதல் சுரங்கத் தடம் பயணிகளின் தடமாயிற்று.

எத்தகைய வண்டி வேண்டும்?

ஒயிட் ரிம் வழியை, நல்ல வானிலையில், நடுத்தரக் கடினமுள்ள வழி என்று பூங்காத் துறையினர் வகைப்படுத்துகின்றனர். இதற்குத் தரையிலிருந்து உயர்ந்த அடிப்பாகமும், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும், அதிலும் தாழ்கியர் வசதியும் இருத்தல் வேண்டும் என்பது விதி. இம்மூன்றும் பல பிக்கப் வண்டிகளில் தொழிற்சாலையிலேயே அமைந்து வருகின்றன. எனவே வண்டியை உயர்த்தவோ, வெட்டி ஒட்டவோ தேவையில்லை.

தாழ்கியர் என்பது யாது? கியர்ப் பெட்டியை அடுத்து இன்னொரு சிறு பல்சக்கரப் பெட்டி இவ்வண்டிகளில் உண்டு. அதைத் தாழ்நிலைக்கு மாற்றினால், சக்கரத்தின் வேகம் சுமார் இரண்டரை மடங்கு குறைந்து, அதே அளவு இழுக்கும் வலிமை கூடுகிறது. ஏற்றத்தில் என்ஜின் திணறாமல் நடைவேகத்தில் ஏறுகிறது. இறக்கத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை ஓயாது மிதித்துச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு சக்கரங்களையும் பூட்டும் இவ்வமைப்பை, பெரும்பாலான பிக்கப் வண்டிகளில், காய்ந்த தார்ச் சாலையில் பயன்படுத்தலாகாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள வேண்டியிருப்பதால், வழுக்க இடமற்ற தார்த்தரையில் அச்சுகள் முறுக்கேறிப் பழுதுறும்.

வண்டியின் அளவுகளையும் அறிந்திருத்தல் நன்று. முன்பக்கம் முட்டாமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறும்? நடுவயிறு தட்டாமல் எத்தகைய முகட்டைக் கடக்கும்? பின்பக்கம் உரசாமல் எப்படிப்பட்ட படியிலிருந்து இறங்கும்? பிக்கப் வண்டி நீளமானது. ஆதலால் அதற்கு வயிறும் வாலும் தட்டுவதே பெருங்குறை. ஜீப் எளிதில் தாண்டும் முகட்டில் பிக்கப் அமர்ந்துவிடும். பின் அச்சின் நடுவே உருண்டையாய்த் தொங்கும் பல்சக்கரப் பெட்டிதான் அடிப்பாகத்தில் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த இடம். அதனால், சக்கரங்களுக்கு நடுவே பெருங்கல்லை விட்டு ஓட்டுவது தவறு. அந்தக் கல்லின்மேல் ஒரு பக்கத்துச் சக்கரத்தை மெல்ல ஏற்றிச் செல்வதே முறை. புதியவர்க்கு இது தலைகீழாய்த் தோன்றும். ஆனால் சக்கரம் ஏறினால் அச்சும் உடன் உயர்கிறது என்பதை எண்ணினால் விளங்கிவிடும்.

செலவு செய்வதானால் முதற்செலவு டயருக்கே. சாலைக்கென அமைந்த மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயர்கள் கூர்ங்கற்களால் கிழிபடும். சாலைக்கும் காட்டுக்கும் பொதுவான தடித்த டயர்கள் நான்கும், அவற்றுக்கு ஒத்த அளவுள்ள ஸ்டெப்னி ஒன்றும் இருந்தால், மற்ற அலங்காரங்கள் எவையும் கட்டாயமல்ல. அடிப்பாகத்தைக் காக்கும் இரும்புத் தகடு வண்டியோடு வந்திருப்பின் மிக நன்று.

காற்றைக் குறைத்தல்

தடத்தில் இறங்குமுன் அனுபவமிக்கவர்கள் செய்யும் முதற்காரியம் டயரின் காற்றைக் குறைப்பதுதான். சாலையில் சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டு வைத்து ஓட்டுபவர், இங்கே 25 பவுண்டு அளவிற்கு இறக்குகிறார். காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் தரையில் படிகிறது, பிடிப்புக் கூடுகிறது, கூர்ங்கல்லின்மேல் ஏறும்போது வெடிக்காமல் அக்கல்லைத் தழுவிக்கொள்கிறது. வண்டிக்குள் இருப்போர்க்குக் குலுக்கலும் குறைகிறது. மிகவும் குறைத்துவிட்டாலோ டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும். காற்றுக் குறைந்த டயரில் வேகமாய்ச் செல்வதும் ஆபத்தானது. எனவே காற்றழுத்தம் பார்க்கும் கருவியும், வண்டியின் பேட்டரியில் இயங்கும் சிறு காற்றடிக்கும் பம்பும் கையில் இருத்தல் வேண்டும். தடம் முடிந்து தார்ச் சாலை வந்தவுடன் நான்கு டயர்களிலும் பழைய அளவு காற்றை நிரப்பிய பின்னரே வேகம் எடுக்கலாம்.

ஏற்றமும் இறக்கமும்

கிழக்கிலிருந்து இவ்வழியைத் தொடங்குவோர் ஷேஃபர் தடம் என்னும் இறக்கத்தின் வழியாக இறங்குவர். பாறைச் சுவரில் செதுக்கப்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சுமார் 1,500 அடி இறங்குகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் வெறும் வெளி. தடுப்புச் சுவர் இல்லை. இங்கே இறங்குவோர் தாழ்கியரில், முதல் அல்லது இரண்டாம் கியரில், என்ஜினின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஏறி வருபவருக்கே வழி. நம் மலைச்சாலைகளிலும் இதுவே நெறி. ஆயினும் எந்த இடத்தில் அகலம் உண்டோ, அந்த இடத்திற்கு அருகில் இருப்பவர் ஒதுங்குவதே அறிவுடைமை. குளிர்காலத்தில் பனி உறைந்தால் இவ்விறக்கம் செல்லத் தகாததாகிவிடும்.

இடையே மர்ஃபி ஹாக்பேக் என்னும் முகடும், மேற்கே ஹார்டுஸ்கிராபிள் என்னும் மேடும் ஓட்டுநரின் பொறுமையைச் சோதிப்பன. இத்தகைய ஏற்றங்களில் ஏறுமுன் வண்டியை நிறுத்தி இறங்கி, மேடு முடியும் இடம் வரை கால்நடையாய்ச் சென்று பார்த்தல் வேண்டும். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும், எங்கே வயிறு தட்டும், மேலே எதிர்வண்டி உண்டா என்று பார்த்தபின் ஏறினால் பாதி வேலை முடிந்தது. பத்து நிமிட நடைக்குச் சோம்பியவர் பத்து மணி நேரம் காத்துக்கிடக்க நேரும்.

ஏறத் தொடங்கிய பின் விரைவு வேண்டா. என்ஜினை அலற விட்டு மோதி ஏற முயல்பவரே அச்சை முறிப்பவர். எவ்வளவு மெதுவாய் இயலுமோ அவ்வளவு மெதுவாய், எவ்வளவு விசை தேவையோ அவ்வளவு மட்டும் கொடுத்து ஏற வேண்டும். பாறைப் படியொன்று குறுக்கே வந்தால், இரு முன் சக்கரங்களையும் ஒருசேர மோதவிடாமல், சிறிது சாய்வாக அணுகி ஒவ்வொரு சக்கரமாய் ஏற்றலாம்.

ஏற்றத்தின் நடுவே என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? முதலில் பிரேக்கை உறுதியாய் மிதித்துக்கொள்ள வேண்டும். பின் தாழ்நிலையில் பின்னோக்கும் கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னே இறங்க வேண்டும். அச்சத்தால் சரிவின் நடுவே வண்டியைக் குறுக்காகத் திருப்ப முயல்வதே உருண்டு விழக் காரணமாகிறது. நேராய் ஏறு, நேராய் இறங்கு என்பதைக் குழந்தைக்கும் சொல்லி வைக்கலாம்.

வழிகாட்ட ஒருவர்

நம் ஊரில் லாரியைப் பின்னெடுக்கும்போது கிளீனர் இறங்கி நின்று கை காட்டுவதைக் கண்டிருக்கிறோம். அங்கும் அவ்வாறே. கடினமான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னே நின்று கையசைத்து வழிகாட்ட, ஓட்டுநர் அவரை மட்டுமே பார்த்து ஓட்டுகிறார். பல குடும்பங்களில் இப்பணியை ஏற்பவர் மனைவியே. இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு.

இடம், வலம், நில், மெல்ல வா என்பவற்றிற்கான கைச்சைகைகளை முன்னரே பேசி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும். பின் இருக்கையிலிருந்து மற்றவர் குரல் கொடுத்தல் ஆகாது. வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணில் எப்போதும் பட வேண்டும்; மறைந்தால் வண்டி உடனே நிற்க வேண்டும். அனைத்திற்கும் மேலாக, அவர் வண்டிக்கும் பாறைக்கும் இடையிலோ, சரிவில் வண்டிக்குக் கீழ்ப்புறமோ நிற்கவே கூடாது. பிள்ளைகளைத் தொலைவில், மேல்புறமாக, பெரியவர் ஒருவர் பார்வையில் நிறுத்திவைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கும்போது, பின்னிணைப்பு வண்டி கட்டுவதற்கென அமைந்த இரும்பு உருண்டையில் கயிற்றை மாட்டி இழுக்கலாகாது. அது திடீர் இழுப்பைத் தாங்காது முறிந்து, பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். இவ்வாறு முறிந்து பறந்த உருண்டையால் உயிரிழந்தோர் ஆஸ்திரேலிய நாட்டில் உண்டு. வண்டியின் சட்டத்தோடு பொருத்தப்பட்ட இழுகொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது மற்றவர் அனைவரும் கயிற்றின் நீளத்திற்கு அப்பால் விலகி நிற்க வேண்டும்.

தண்ணீரும் பிறவும்

இவ்வழியில் குடிநீர் இல்லை. பெட்ரோல் இல்லை. கடை இல்லை. பெரும்பகுதியில் கைப்பேசியும் இயங்காது. வண்டியில் செல்வோர் இரண்டு மூன்று நாட்களில் இதனைச் சுற்றி முடிப்பர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு காலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பாலைநிலக் கணக்கு. நால்வர் குடும்பம் மூன்று நாள் செல்வதானால் 48 லிட்டர். வண்டி நின்றுவிட்டால் வேண்டிய கூடுதல் நாளுக்கும் சேர்த்து 64 லிட்டராவது ஏற்றிக்கொள்வது நல்லது. அதையும் ஒரே பீப்பாயில் வைக்காமல் பல பாத்திரங்களில் பிரித்து வைத்தால், ஒன்று ஓட்டையானாலும் மற்றவை காக்கும்.

தாழ்கியரில் எரிபொருள் மிகுதியாய்ச் செலவாகும். ஆதலால் மோவாபில் தொட்டியை நிரப்பிச் செல்வதோடு, சிறிது கூடுதலாகவும் வைத்திருப்பர். பிக்கப் வண்டியின் பின்தொட்டி வெறுமையாயிருந்தால் பின் சக்கரங்கள் இலகுவாகி வழுக்கும். அதனால் கனமான பொருள்களைத் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னே வைத்து இறுகக் கட்ட வேண்டும். கட்டாத பெட்டி குலுக்கலில் எழுந்து கண்ணாடியை உடைக்கும்.

புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே ஒரு முறை ஸ்டெப்னியை இறக்கி மாற்றிப் பார்த்துவிடுவது சிறந்தது. பிக்கப் வண்டியில் ஸ்டெப்னி பெரும்பாலும் பின்தொட்டியின் அடியில் கம்பிக்கயிற்றில் தொங்கும். ஆண்டுக்கணக்கில் தொடாது விட்டால் அக்கயிறு துருப்பிடித்து இறங்காது. வண்டியோடு தரும் ஜாக்கி சமதரைக்கென அமைந்தது. மணலில் வைத்தால் புதைந்துபோகும். அதன் அடியில் வைக்கத் தடித்த பலகை ஒன்றை எடுத்துச் சென்றால் போதும். பஞ்சர் ஒட்டும் சாமான்கள், மண்வெட்டி, இழுகயிறு, முதலுதவிப் பெட்டி, காகித வரைபடம் ஆகியவையும் வேண்டும்.

பூங்காவின் ஒழுங்குகளையும் மதித்தல் கடன். பகலில் மட்டும் சென்று வருவதாயினும் இரவு தங்குவதாயினும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். நாய் முதலிய வளர்ப்பு விலங்குகளை வண்டிக்குள் வைத்தும் கொண்டு செல்லலாகாது. தடத்தை விட்டு ஓர் அடியும் விலகி ஓட்டக்கூடாது. ஏனெனில் அங்குத் தடத்தோரம் கருநிறப் பொருக்குப் போல் தெரியும் மண் வெறும் மண்ணன்று. நுண்ணுயிர்களும் பாசிகளும் கற்பாசிகளும் பின்னிப் பிணைந்து உருவாக்கிய உயிர்ப்போர்வை அது. பாலைமண்ணைக் காற்றும் மழையும் அடித்துச் செல்லாமல் காப்பது அதுவே. ஒரு முறை டயர் ஏறிய வடு ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வானத்தையும் பார்க்க வேண்டும்

பாலைநிலத்தில் மழை அரிது, பெய்தாலோ கொடிது. தொலைவில் எங்கோ பெய்த மழையின் வெள்ளம், வானம் வெளுத்திருக்கும் இடத்திலும் வறண்ட ஓடையில் திடீரெனப் பாய்ந்து வரும். ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்குவது எக்காலத்தும் ஆகாது. காத்திருந்தால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நனைந்த களிமண் தடமோ எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். நான்கு சக்கர விசையும் அங்கே உதவாது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெய்த பெருமழையில், இவ்வழியின் மேற்கு வாயிலாகிய மினரல் பாட்டம் கொண்டை ஊசி வளைவுகள் அடித்துச் செல்லப்பட்டன. அவை மீண்டும் திறக்கப்பட்டது 2011-ஆம் ஆண்டில்தான். கிரீன் ஆறு பெருகும் காலத்தில் தடத்தின் மேற்குப் பகுதி நீரில் மூழ்குவதும் உண்டு. ஆதலால் புறப்படும் நாளன்று காலையில் பூங்கா அலுவலரிடம் தடத்தின் நிலையைக் கேட்டறிந்தே இறங்க வேண்டும்.

இரண்டு படிப்பினைகள்

இவற்றையெல்லாம் இத்துணை விரிவாகச் சொல்வது ஏன் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் விடை கூறும்.

1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர், பெரியவர் இருவரும் சிறுவர் இருவரும், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைநிலத்தில் வாடகை வண்டி ஒன்றில் சென்றனர். அது நகரச் சாலைக்கான குடும்ப வண்டி. நான்கு சக்கர விசையும் அதற்கில்லை; உயர்ந்த அடிப்பாகமும் இல்லை. வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரிந்த வழி, நேரில் கற்குவியலாயிருந்தது. அவர்கள் வறண்ட ஓடைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கினர். டயர்கள் கிழிந்தன, வண்டி நின்றது. அக்டோபர் மாதம்தான் அவ்வண்டி கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே எவரும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2009-ஆம் ஆண்டு நவம்பரில், அங்கிருந்து பல மைல் தெற்கே பெரியவர்களின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. கோடை வெயிலில், நீரின்றி, உதவி தேடி நடந்தே அவர்கள் மாண்டனர் எனத் தேடியவர்கள் கருதுகின்றனர்.

இதிலிருந்து பாலைநிலத்தார் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு அகலாதே. வானிலிருந்து தேடுவோர்க்கு மனிதனைவிட வண்டி எளிதில் தெரியும். வண்டி நிழல் தரும். அதன் கண்ணாடி ஒளியைத் திருப்பி அடையாளம் காட்டும். ஆனால் ஒருவர் தேடி வர வேண்டுமானால், நாம் எங்கே சென்றோம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டுமே!

இரண்டாவது நிகழ்ச்சி அதையே காட்டுகிறது. 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், ஏரன் ரால்ஸ்டன் என்னும் இளைஞர் கேனியன்லாண்ட்ஸ் பகுதிக்கு மேற்கே தம் பிக்கப் வண்டியை விட்டுவிட்டு, குறுகிய பாறையிடுக்கு ஒன்றில் தனியே இறங்கினார். உருண்ட பாறை ஒன்று அவர் வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே செல்கிறேன் என்று அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்குப் பின், தம் கையைத் தாமே அறுத்துவிட்டு அவர் வெளியேறினார். அவர் பணிக்கு வராததால் கவலையுற்ற நண்பர்களும், மகனுக்காகத் துடித்த தாயும் செய்த முயற்சியால், நிறுத்தியிருந்த அவருடைய பிக்கப் வண்டி கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வண்டியை அடையாளமாய்க் கொண்டு தேடிய ஹெலிகாப்டரே அவரை ஏற்றிச் சென்று காத்தது. இவ்வரலாறு 2010-ஆம் ஆண்டு திரைப்படமாயிற்று. நம் ஏ. ஆர். ரஹ்மான் அதற்கு இசையமைத்தார்.

“இந்த வழியே செல்கிறோம், இந்த நாள் மாலைக்குள் திரும்புவோம், அதற்குள் தகவல் இல்லையேல் இந்த அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள்” என்று ஒரு தாளில் எழுதி உறவினரிடம் கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? துணைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள் இன்று உள்ளன. 2022 முதல் சில கைப்பேசிகளிலேயே அவ்வசதி வந்துவிட்டது. ஆயினும் கருவி உடையலாம், பேட்டரி தீரலாம். வீட்டில் கொடுத்துவந்த தாள் தீர்ந்துபோவதில்லை.

திரும்புதல் தோல்வியா?

இறுதியாக ஒன்று. இத்தகைய வழிகளில் வண்டிகள் கெடுவது பெரும்பாலும் ஓட்டுநரின் அறியாமையால் அன்று, அவருடைய தன்மானத்தாலேயே. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனித் திரும்புவதா?” என்கிறது மனம். “முன்னே சென்ற ஜீப் ஏறிவிட்டதே” என்கிறது. “பிள்ளைகள் பார்க்கிறார்களே” என்கிறது. மனைவி மெல்ல, “போதுமே” என்றால், அச்சொல் அவருக்கு ஊக்கமாய்ப் படுவதில்லை; ஏளனமாய்ப் படுகிறது. இவ்விடத்தில்தான் அச்சு முறிகிறது. ஒயிட் ரிம் வழியிலிருந்து பழுதான வண்டியை இழுத்து வரப் பெரும்பாலும் 1,000 டாலருக்கு மேல் ஆகும் எனப் பூங்காத் துறையினரே எச்சரிக்கின்றனர். பணத்தோடு போனால் நல்லதே. உயிரோடு போன கதையையும் மேலே கண்டோம்.

எனவே அனுபவமுள்ளவர்கள் சில முடிவுகளை வீட்டிலேயே செய்துவிடுகின்றனர். பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்புவோம். பகல் இரண்டு மணிக்குள் இந்த இடத்தை அடையாவிட்டால் திரும்புவோம். ஸ்டெப்னியைப் பயன்படுத்திவிட்டால், இனி மாற்று இல்லையாதலால் மேலே கடின வழி நாடோம். வண்டியில் உள்ளோருள் எவரேனும் ஒருவர், சிறுவராயினும், அஞ்சினால் நிறுத்தி இறங்கிப் பார்ப்போம். அமைதியான வேளையில் செய்த இம்முடிவுகள், பதற்றமான வேளையில் தந்தையின் மானத்தைக் காக்கின்றன. திரும்புவது அவர் தோற்றதால் அன்று. எல்லாரும் கூடிச் செய்த ஒப்பந்தப்படியே திரும்புகின்றனர்.

மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி, ஏறிப் பார்த்துவிட்டு வந்து, “இது நம் வண்டிக்கு ஆகாது; திரும்புவோம்” என்று சொல்லும் தந்தையைப் பிள்ளைகள் இகழ்வதில்லை. பின்னாளில் அவர்கள் தாமே வண்டி ஓட்டும் காலத்தில், வாழ்வின் வேறு மேடுகளை அணுகும் காலத்திலும், அந்த ஒரு சொல் அவர்களுக்கு நினைவு வரும்.

மூன்றாம் நாள் மாலை மினரல் பாட்டம் வளைவுகளில் ஏறி மேலே வந்து, மண் சாலையைக் கடந்து தார்ச் சாலையை அடைந்ததும், அதன் ஓரத்தில் வண்டிகள் வரிசையாய் நிற்கக் காணலாம். தந்தை டயருக்குக் காற்றடிக்கிறார். பிள்ளைகள் கருவியைப் பிடித்து அளவைப் படிக்கின்றனர். தாய் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பார்க்கிறார், இணைப்புக் கிடைக்கிறது. அவர் அழைப்பது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பவரைத்தான். “வந்துவிட்டோம்” என்ற ஒரு சொல் போதும். அங்கே ஒருவர் நிம்மதியாய்ப் பெருமூச்சு விடுவார்.